பரண்மேல் கிடக்கும் மெடலின் விளிம்பைப் பார்த்திருக்கிறீர்களா?

போன வாரம் சத்தி ரோட்டு பேக்கரிகளைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரக் கதையும் ஒரு பேக்கரியில்தான் ஆரம்பிக்கிறது.

சரவணம்பட்டியில் ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு வந்து பாருங்கள். வார நாட்களில் ஹார்ன் சத்தத்தில் காது கிழிகிற ரோடு, அன்றைக்கு மட்டும் காலியாக இருக்கும். அந்த நேரத்தில் ஒரு பேக்கரியின் கடைசி டேபிளில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். டீயும் தேங்காய் பன்னும் ஓரமாக ஒதுங்கியிருக்க, நடுவில் ஒரு வெள்ளைத் துண்டு விரித்திருக்கும். அதன்மேல் மெடல்கள், தொப்பி பேட்ஜுகள், ஒருநாள் பார்த்தால் நசுங்கிய தண்ணீர்க் குடுவை. பட்டாளத்துப் பழைய பொருட்களைச் சேர்ப்பதும், 'இது என்ன, யாருடையது' என்று கண்டுபிடிப்பதும்தான் இவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை.

மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து ஓய்வுபெற்ற ஹவில்தார் ஐயா ஒருவர். கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கும் மேடம். அப்புறம் கீரணத்தம் பக்கம் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் தம்பி. பேட்ஜ் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு. பெயர் போட வேண்டாம் என்று நாலு பேருமே சொல்லிவிட்டார்கள்.

நான் முதல்முறை அங்கே போனதற்குக் காரணம் எங்கள் வீட்டு ஓனரம்மா. நான் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன், அவர் கீழே. அன்னூர் பக்கம் இருக்கிற அவருடைய மாமனார் வீட்டு ஓட்டுக் கட்டடத்தை இடிக்கிறார்கள். பரணில் இருந்து இறக்கிய டிரங்குப் பெட்டியில் பழைய கணக்கு நோட்டுகளும், ஒரு துணி முடிச்சும் இருந்தன. முடிச்சுக்குள் ஒரு வெள்ளி மெடல்.

"எங்க மாமனாரோட அப்பாரு பட்டாளத்துல இருந்தவருன்னு சொல்லுவாங்க கண்ணு. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு இதை எடுத்து வெளக்கி, சந்தனம் குங்குமம் வெச்சு சாமி கும்புடுவோம். இப்ப வீடே இல்லீன்னு ஆயிப்போச்சு. வெள்ளி வேற இந்த வெலை விக்குது. திங்கக்கிழமை ராஜ வீதிக்குப் போறேன், கொடுத்துட்டு ஒரு குங்குமச் சிமிழ் வாங்கிக்கலாம்னு இருக்கேன்."

போகிற வழியில் அந்த பேக்கரியில் ஒரு தடவை காட்டிவிட்டுப் போகலாமே என்று நான்தான் ஞாயிற்றுக்கிழமையே கூட்டிக்கொண்டு போனேன். நிருபர் புத்தி.

லேத் அண்ணன் முதலில் செய்தது, சட்டைப் பையில் இருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்ததுதான். கோயமுத்தூர்க்காரர் என்றால் சும்மாவா! குறுக்களவு 36 மில்லிமீட்டர். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் உடுப்பில்லாமல் குதிரைமேல் ஒரு வீரன், இரண்டு பக்கமும் 1914, 1918. "பிரிட்டிஷ் வார் மெடல்" என்றார் மேடம், கையில் வாங்குவதற்கு முன்பே. முதல் உலகப்போரில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்தது. வெள்ளியில் மட்டும் சுமார் 65 லட்சம் அடித்திருக்கிறார்கள். பின்னணி வேலைக்குப் போன தொழிலாளர் படையினருக்கு அதையே வெண்கலத்தில் கொடுத்தார்கள். அது ஒரு லட்சத்துச் சொச்சம்தான்.

"65 லட்சமா?" ஓனரம்மா முகம் வாடிவிட்டது.

"மெடல் நெறையத்தான் இருக்குதுங்க. விளிம்பைத் திருப்புங்க" என்றார் ஹவில்தார் ஐயா.

எனக்கே அப்போதுதான் தெரியும். மெடலின் முகத்தையும் முதுகையும் பார்க்கிற நாம், நாணயத்தின் ரம்பப் பல் இருக்குமே, அந்தப் பக்கவாட்டை பார்ப்பதே இல்லை. அந்த மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்குள்தான் எல்லாமே இருக்கிறது. படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு. அச்சு வைத்து அடித்த சின்னஞ்சிறு ஆங்கில எழுத்துகள். ஒரே மாதிரி 65 லட்சம் மெடல் இருந்தாலும், இந்த எண்ணோடு இந்தப் பெயர் இருப்பது ஒன்றே ஒன்றுதான். சேகரிப்பவர்கள் பணம் கொடுப்பதும் அந்த வரிக்குத்தான்.

ஓனரம்மா வீட்டு மெடலில் அந்த வரி பாதி தேய்ந்திருந்தது. வருஷா வருஷம் விபூதி போட்டுத் தேய்த்த பக்தியின் விளைவு. தம்பி போனில் டார்ச்சைப் போட்டு, மெடலுக்குப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தான். நேராக அடித்தால் வெள்ளி பளபளத்து எழுத்து தெரியாது. சாய்வாக அடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். மேடம் லென்ஸில் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, நான் நோட்டில் எழுதினேன். எண் வந்தது. 'சிப்பாய்' வந்தது. பெயர் வந்தது. கடைசியில் '61 பயனியர்ஸ்'.

பெயரைப் படித்ததும் ஓனரம்மா, "இன்னொருக்கா படிங்க" என்றார். படித்தார்கள்.

"இது எங்க மாமனாரு வீட்டுல யாரு பேரும் இல்லீங்களே..."

டேபிளில் யாரும் பேசவில்லை. இத்தனை வருடம் சந்தனம் வைத்துக் கும்பிட்ட பட்டாளத்துத் தாத்தா, அந்த ஒரு வரியில் காணாமல் போய்விட்டார்.

மேடம்தான் மெதுவாகப் பேச்சை மாற்றினார். பயனியர் என்றால் அந்தக் காலத்து மெட்ராஸ் ராணுவத்தில் ஒரு தனி ரகம். துப்பாக்கியும் பிடிப்பார்கள், கடப்பாரை, மண்வெட்டியும் பிடிப்பார்கள். படை முன்னேறுகிற பாதையை வெட்டிப் போடுவதும் அவர்கள்தான், தேவைப்பட்டால் சண்டை போடுவதும் அவர்கள்தான். மெட்ராஸ் பயனியர் படையை 1933இல் செலவு மிச்சம் என்று சொல்லிக் கலைத்துவிட்டார்கள். 61ஆவது பயனியர்ஸ் 1914 நவம்பரில் டாங்காவில் இருந்தது. இன்றைய தான்சானியாவில் இருக்கிற துறைமுகம். அன்றைக்கு ஜெர்மனியின் வசம். திருநெல்வேலிப் பெயரோடு இருந்த 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும் அதே கப்பல் கூட்டத்தில்தான் போனது. சுமார் 8,000 பேரோடு இறங்கிய பிரிட்டிஷ் இந்தியப் படையை, சுமார் 1,000 பேரை வைத்துக்கொண்டு ஜெர்மன் தளபதி லெட்டோவ்-ஃபோர்பெக் திருப்பி அனுப்பினார்.

"அதுல ஒரு கூத்து தெரியுமா?" என்று மேடம் சிரித்தார். "சுட்ட சத்தத்துல மரத்துல இருந்த தேன்கூடெல்லாம் கலைஞ்சு, தேனீ துரத்தித் துரத்திக் கொட்டியிருக்கு. இங்கிலீஷ் புத்தகங்கள்ல அந்தச் சண்டைக்கு 'தேனீச் சண்டை'ன்னே பேரு."

இந்தத் தேனீயைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1914லேயே போர்முனைக்குப் போன ஆள் என்றால் இந்த ஒரு மெடலோடு நின்றிருக்காது. கிரீடம் வைத்து, இரண்டு வாள் குறுக்கே போட்ட '1914-15 ஸ்டார்' ஒன்றும், வானவில் நிற ரிப்பனோடு 'விக்டரி மெடல்' ஒன்றும் சேர்ந்து வந்திருக்கும். இரண்டுமே வெண்கலம். டிரங்குப் பெட்டியில் அவை இல்லை. வெள்ளி மட்டும் இருக்கிறது.

"அப்படின்னா அடகா இருக்கும்" என்றார் லேத் அண்ணன் பட்டென்று. ஓனரம்மா ஒன்றும் சொல்லவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

அவர் யோசிக்கட்டும். அதற்குள் அந்த டேபிளில் நான் கற்றுக்கொண்ட சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது இருக்கலாம். முதல் உலகப்போரில் இந்தியாவில் இருந்து போனவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. இரண்டாம் உலகப்போரில் இந்திய ராணுவத்தில் 25 லட்சம் பேர். 'இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்' என்று ஆங்கிலத்தில் வெட்டிய கல்வெட்டுகள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இன்றும் இருக்கின்றன. போன அத்தனை பேரும் ஏதாவது ஒரு வட்டத் தகட்டோடுதான் வந்திருப்பார்கள்.

வெள்ளி விலை ஏறுகிறபோதெல்லாம் இந்த வார் மெடலுக்குக் கண்டம்தான். ஒவ்வொன்றிலும் ஒரு அவுன்ஸை ஒட்டி வெள்ளி இருக்கிறது. 1980இல் உலகச் சந்தையில் வெள்ளி திடீரென்று உச்சத்துக்குப் போனபோது, இங்கிலாந்திலேயே இவற்றைக் குவியல் குவியலாக உருக்கிவிட்டார்களாம். அதனால்தான் ஸ்டாரும் விக்டரியும் மட்டும் இருந்து, நடுவில் வெள்ளி இல்லாத செட்டுகள் இன்றைக்கு நிறைய. இந்த வீட்டில் நடந்திருப்பது அதற்கு நேர்த் தலைகீழ்.

இரண்டாம் உலகப்போர் மெடல்களை உருக்கக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு சேதி: 'வார் மெடல் 1939-45', இந்திய வரைபடம் போட்ட 'இந்தியா சர்வீஸ் மெடல்' எல்லாம் செம்பும் நிக்கலும் கலந்தது. கடைக்காரர் உரசிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு அந்தப் போரின் மெடல்களைப் பெயரில்லாமலே கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் பெயர் அடித்திருப்பார்கள். அந்த ஒரு விஷயத்தில் நம் ஆட்கள் கொடுத்துவைத்தவர்கள்.

பெயர் தேய்ந்த மெடலைவிட, பெயரை ராவித் தேய்த்து வேறு பெயர் வெட்டிய மெடல்தான் பெரிய தலைவலி. அதற்குத்தான் வெர்னியர். விளிம்பை ராவினால் குறுக்களவு ஒரு முடி குறைந்துவிடும். ஒரு இடத்தில் வைத்தால் 36, இன்னொரு இடத்தில் அதற்குக் கீழே என்று காட்டிக்கொடுக்கும். அடித்த எழுத்துக்கும் கையால் வெட்டிய எழுத்துக்கும் லென்ஸில் வித்தியாசம் தெரியும். லேத் அண்ணன் இதை விளக்கியபோது, பட்டறையில் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே என்னையும் ரெண்டு அதட்டு போட்டார்.

பேட்ஜ் தம்பியின் பாடம் இன்னும் சுலபம். தொப்பி பேட்ஜில் மேலே ராஜா கிரீடம் இருந்தால் அது 1950க்கு முந்தின காலத்து டிசைன். அசோகச் சிங்கம் இருந்தால் குடியரசு ஆன பிறகு. யானை இருக்கிற மெட்ராஸ் ரெஜிமென்ட் பேட்ஜ் என்றால், அந்த யானை 1803இல் நடந்த அஸ்ஸாயே போரின் நினைவாகக் கிடைத்த மரியாதை. மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினால் வெலிங்டனில் அந்த ரெஜிமென்ட்டின் மையமே இருக்கிறது. நம்மூர்க்காரர்களுக்கு ஒரு நாள் தூரம். ஆனால், பளபளவென்று புதுசு மாதிரி இருக்கிற 'ஆசாத் ஹிந்த்' மெடலை ஆன்லைனில் யாராவது நீட்டினால் தம்பி போனைத் திருப்பி வைத்துவிடுவான். நேதாஜி பெயருக்கு இருக்கிற மவுசில், அதில் நகல் நிறையப் புழங்குகிறது.

ஹவில்தார் ஐயா வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. வருகிறவர்களுக்குப் படித்துச் சொல்வதோடு சரி. அவரிடம் பேச்சுக் கொடுத்தால் எங்கே சுற்றினாலும் சுபேதார் சுப்பிரமணியத்தில்தான் வந்து நிற்பார். காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், அதே மெட்ராஸ் சாப்பர்ஸ். 1944இல் இத்தாலியில் கண்ணிவெடி வெடிக்கப்போகிறது என்று தெரிந்ததும், கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன்மேல் விழுந்து உயிர்விட்டவர். ஜார்ஜ் கிராஸ் பெற்றவர். "அவரு பேரு புத்தகத்துல இருக்குது கண்ணு. மத்தவங்க பேரு இந்த விளிம்புல மட்டும்தான் இருக்குது" என்றார்.

ஜாக்கிரதை சமாச்சாரமும் இருக்கிறது. பழைய குண்டு, தோட்டா, ஷெல் எது கிடைத்தாலும் தொடாமல் போலீஸுக்குச் சொல்லிவிடுங்கள். செத்த குண்டு என்று கண்ணால் பார்த்து யாரும் சொல்ல முடியாது. துப்பாக்கி என்றால் ஆயுதச் சட்டம் வரும். நூறு வருடம் தாண்டிய வரலாற்றுப் பொருளைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தில் இடமில்லை. முதல் உலகப்போர் மெடல்கள் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. 'லண்டன் பார்ட்டி கேட்கிறது, போட்டோ அனுப்புங்க' என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களிடம் இதை ஞாபகப்படுத்துங்கள்.

தயவுசெய்து விபூதி, புளி, பல்பொடி, பாத்திரம் தேய்க்கிற பவுடர் எதுவும் வேண்டாம். கறுத்துப்போன வெள்ளி கறுப்பாகவே இருக்கட்டும். ரப்பர் பேண்ட் போடாமல், பிளாஸ்டிக் கவரில் அடைக்காமல், பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். போதும்.

இப்போது ஓனரம்மாவிடம் வருவோம்.

திங்கட்கிழமை அவர் ராஜ வீதிக்குப் போகவில்லை. சாயங்காலம் நான் டூட்டி முடிந்து வந்தபோது, வாசலில் டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கணக்கு நோட்டுகளைக் காட்டினார். பூச்சி அரித்த பக்கங்கள், தமிழ் எண்கள். அரை மணி நேரத்தில் அவரே கண்டுபிடித்துவைத்திருந்தார். ஆங்கீரச வருஷம், ஐப்பசி மாதம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 1932. ஒரு பெயர், பேக்கரியில் மேடம் ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த அதே பெயர், இங்கே தமிழில். 'கிழக்கு வளவு' என்று பக்கத்தில். 'பட்டாளத்து வெள்ளி 1'. கொடுத்தது ஒரு ரூபாய் எட்டணா.

மற்ற வரிகளில் எல்லாம் மீட்டதும் குறுக்கே கோடு போட்டு 'பைசல்' என்று எழுதியிருந்தது. இந்த வரியில் அது இல்லை.

"ஒண்ணரை ரூபா கண்ணு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஹவில்தார் ஐயாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் அன்னூர் பக்கம் போனோம். ஊரின் பெயரையும் அந்தக் குடும்பத்தின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. கிழக்கு வளவு என்பது ஊரில் இருந்து ஒரு வாய்க்கால் தாண்டி. அதைத் தாண்டும்போது ஓனரம்மா, "கல்யாணமாகி 38 வருஷம் ஆச்சு. இந்தப் பக்கம் வந்ததில்ல" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொன்னாரா தெரியவில்லை.

விசாரித்து விசாரித்து ஒரு பாட்டி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். வயது எண்பதுக்குப் பக்கம் இருக்கும். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். ஓனரம்மாதான் கையைப் பிடித்து உட்கார வைத்தார். நாங்கள் மெடலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை; ஹவில்தார் ஐயா முன்கூட்டியே சொல்லியிருந்தார், நாமாக எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது, அவர்களாகச் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று. "உங்க வீட்டுல முன்னாடி யாராவது பட்டாளத்துல இருந்தாங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"எங்க தாத்தனுங்க. கப்பல்ல போனவரு. ரோடு போடப் போனேம்பாரு, சண்டைக்குப் போனேம்பாரு. ரெண்டுல எதுன்னு எங்களுக்கு வெளங்காது."

நான் ஹவில்தார் ஐயாவைப் பார்த்தேன். அவர் பாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெறைய பொய் சொல்லுவாருங்க" என்று பாட்டி சிரித்தார். "தேனு கொட்டி பட்டாளமே ஓடுச்சும்பாரு. வெள்ளக்காரனும் ஓடுனாம்பாரு. ஊருல எல்லாரும் கேலி பண்ணுவாங்க. 'தேனு கொட்டுன பட்டாளத்தான்'னே பேராயிப் போச்சு."

எனக்குக் கை சில்லிட்டுப்போனது. ஆனால் திரும்பி வரும்போது ஹவில்தார் ஐயா, இதை வைத்து மட்டும் உறுதி என்று எழுதிவிடாதே என்றார். அந்தச் சண்டையில் எத்தனையோ பேர் இருந்தார்கள். தேனீக் கதை எல்லார் வாயிலும் இருந்திருக்கும். கணக்கு நோட்டில் இருக்கிற பெயர், விளிம்பில் இருக்கிற பெயர், பாட்டி சொன்ன தாத்தாவின் பெயர் மூன்றும் ஒன்றாக இருப்பதுதான் சாட்சி. தேனீ அதற்குமேல் போனஸ்.

"நட்சத்திரமாட்டம் ஒண்ணு இருந்துச்சுங்க, கத்தி குறுக்கால போட்டு. நாங்க சின்னதுல வெளையாண்டே தொலைச்சுப்போட்டோம். அந்த வெள்ளி மட்டும் மொதல்லயே போயிருச்சுன்னு எங்கய்யன் சொல்லுவாரு" என்றார் பாட்டி.

ஓனரம்மா துணி முடிச்சை அவிழ்த்தார். பாட்டி வாங்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே போய்ச் சுருக்குப் பையோடு வந்தார்.

"வட்டி எவ்வளவு ஆச்சுங்க?"

வேண்டாம் என்று ஓனரம்மா தலையை ஆட்டினார். பாட்டி கேட்பதாக இல்லை. அடகு அடகுதான், சும்மா வாங்கினால் தாத்தன் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று பிடிவாதம். கடைசியில் ஒரு இரண்டு ரூபாய்க் காசை எடுத்து ஓனரம்மா உள்ளங்கையில் வைத்தார். ஓனரம்மா அதை வாங்கிக்கொண்டார். மெடலைக் கொடுத்தார். உள்ளேயிருந்து வந்த டீயைக் குடித்து முடித்துவிட்டு, பையில் கொண்டுவந்திருந்த கணக்கு நோட்டைத் திறந்து என்னிடம் பேனா கேட்டார். 1932ஆம் வருடத்து வரியின் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'பைசல்' என்று எழுதினார்.

மெடலுக்கு ரிப்பன் இல்லை. நடுவில் ஆரஞ்சு, இரண்டு பக்கமும் வெள்ளை, கறுப்பு, ஓரத்தில் நீலம். பேட்ஜ் தம்பி எங்கேயோ தேடிப் பிடித்து ஒரு துண்டு கொண்டுவந்திருக்கிறான். இந்த ஞாயிறு அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஓனரம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.